நிமிடத்துக்கு முப்பத்துமூன்று மூச்சு

3 ஜூன் 1997

தம்பிக்கு,

நீ இந்த வீட்டை விட்டுப் போன நாலு வருஷத்தில் இது என் ஏழாவது கடிதம். முதல் ஆறும் கிணற்றில் போட்ட கல். போன மாதம் மருந்துக்கடையில் முதலாளி இல்லாத நேரமாகப் பார்த்து உன் தொழிற்சாலைக்குப் போன் செய்தேன். நீதான் எடுத்தாய். "டேய், அக்கா பேசறேன்டா" என்றேன். "யாரு? யாரு?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு வைத்துவிட்டாய். கூடப் பிறந்தவள் குரல் நாலு வருஷத்தில் மறந்துபோகுமா? சரி, அதை விடு.

இப்போது உறவு கொண்டாட எழுதவில்லை. ரிப்பேர் வேலை.

அப்பா மரத்தை இழைத்து, நீ ஒயர் இழுத்து, இரண்டு பேருமாகச் செய்தீர்களே, முன்னறையில் இடுப்பு உயரத்துக்கு நிற்கும் அந்த இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள், அவைதான் விஷயம். அப்பா போன வருஷம் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் மரப் பட்டறையை மூடிவிட்டார். அதிலிருந்து தினமும் காலை பதினொரு மணிக்குப் பெட்டிகளுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து ஒரே ஒரு இசைத்தட்டை வைக்கிறார். அடித்தொண்டையில் இழுக்கும் செல்லோ, ஒற்றை ஆள் வாசிப்பது. வேறெதையும் வைப்பதில்லை. இரண்டு மாதமாக வலது பெட்டியில், தகர டப்பாவுக்குள் வண்டு புகுந்த மாதிரி ஒரு சத்தம். இடதும் இப்போது அதே வழியில் போகிறது. அப்பா புகார் சொல்லவில்லை. சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே வருகிறார்.

பக்கத்துத் தெரு ரேடியோக்காரரைக் கூட்டி வந்தேன். அவர் பெட்டியைத் திருப்பப் போனதும் அப்பா எழுந்து குறுக்கே நின்றுவிட்டார். "தொடாதீங்க. அவனுக்குத்தான் தெரியும்" என்றார். நாலு வருஷத்தில் உன்னைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் சொல் அந்த 'அவன்'. அதற்காகத்தான் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

அம்மா போன அன்று அவள் கூப்பிட்டது, நீ பாட்டில் மூழ்கிக் கிடந்தது, அப்பா உன்னைப் பேசிய பேச்சு, அதையெல்லாம் இதில் எடுக்கப் போவதில்லை. பயப்படாமல் பதில் போடு.

அக்கா

12 ஜூன் 1997

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. போன் வேண்டாம். எழுது, நானும் எழுதுகிறேன்.

ஊஃபரின் கூம்பைச் சுற்றி ஒரு நுரை வளையம் இருக்கும். அடிச் சத்தம் வரும் பெரிய வட்டம்தான் ஊஃபர், கீழே இருப்பது. அந்த வளையத்தை விரல் நுனியால் தொட்டுப் பார். பழைய கேக் மாதிரி உதிர்ந்தால் அதுதான் நோய். பத்து வருஷத்தில் எல்லா நுரையும் அப்படித்தான் ஆகும். கூம்பு பிடிமானம் இல்லாமல் ஓரத்தில் உரசுகிறது. அதுதான் உன் வண்டு.

இரண்டு பெட்டிக்கும் மாற்ற வேண்டும். ஒன்றுக்கு மட்டும் மாற்றினால் ஒரு கால் கட்டை, ஒரு கால் நெட்டை. ரப்பர் வளையம் இரண்டும் பசையும் தனிப் பார்சலில் வருகின்றன. நுரையைவிட ரப்பர் நல்லது, கூம்பு இன்னும் தாராளமாக அசையும். பழைய பசையை மழுங்கிய கத்தியால் சுரண்டு. அவசரப்பட்டால் காகிதம் கிழியும். ஒட்டிய பிறகு ஒரு நாள் தொடாதே. பெட்டிகளைச் சுவரிலிருந்து ஒரு முழம் முன்னால் இழுத்து வை. அடிச் சத்தம் அறையில் தேங்காது.

முடிந்ததும் எப்படிக் கேட்கிறது என்று எழுது. 'நல்லா இருக்கு' என்று எழுதாதே. என்னென்ன கேட்கிறது, எங்கிருந்து வருகிறது, ஒவ்வொன்றாகச் சொல்.

அப்பா சாப்பிடுகிறாரா?

தம்பி

29 ஜூன் 1997

தம்பிக்கு,

இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய், அதில் ஒன்றரைப் பக்கம் பசை. கடைசி வரி ஒன்றுக்காகத்தான் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

பார்சலைப் பார்த்ததும் அப்பா ஒன்றும் கேட்கவில்லை. "நான் கழட்டித் தரேன், நீ ஒட்டு" என்றார். என்னை அறைக்கு வெளியே நிற்க வைத்துவிட்டு ஊஃபர்களைக் கழற்றிக்கொண்டு வந்து கொடுத்தார். உள்ளே போய்ப் பார்த்தால், பெட்டியில் இருந்த ஓட்டைகளை அட்டை வைத்து மூடி ஆணி அடித்திருந்தார். உள்ளே தூசி போகுமாம். சாப்பாட்டு மேஜையில் இரண்டு நாள் சுரண்டினேன். மாத்திரை எண்ணுகிற கை என்பதால் கிழியவில்லை. அப்பாவே திருப்பி மாட்டினார்.

ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னாய். சொல்கிறேன். வண்டு போய்விட்டது. செல்லோ இரண்டு பெட்டிக்கும் நடுவில், காற்றில், ஓர் ஆள் உட்காரும் உயரத்தில் இருந்து வருகிறது. வில் கம்பியில் படுகிற முதல் உரசல் தனியாகத் தெரிகிறது. வாசிப்பவர் நாற்காலி ஒரு தடவை கிறீச்சிடுகிறது. இதுவரை எல்லாம் உன் கைங்கரியம், சந்தோஷம்.

இன்னொன்றும் கேட்கிறது. அதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் மூன்று நாள் தள்ளிப்போட்டேன். பதினொரு மணிக்கு நான் கடையில் இருப்பவள், இதற்கு முன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதில்லை. முள்ளை வைத்ததும், இசை தொடங்குவதற்கு முன்னாலும், பிறகு இசைக்கு அடியிலும், யாரோ மூச்சு விடுகிறார்கள். இழுத்து, விட்டு, இழுத்து, விட்டு. இழுக்கும்போது லேசாக ஒரு கரகரப்பு. பெட்டியின் கீழே ஒரு வட்டத் துளை இருக்கிறதே, அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது.

அப்பா கண்ணை மூடிக்கொண்டு, "வந்துட்டா" என்றார்.

"யாருப்பா?" என்றேன். நாற்காலியைப் பெட்டிக்கு இன்னும் அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். அன்றைக்கு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார்.

நான் மருந்து விற்கிறவள், பேய் பிசாசு நம்புகிறவள் இல்லை. ஆனால் அந்த மூச்சு எனக்குத் தெரிந்த மூச்சு. நுரையீரல் நைந்துபோன ஒருத்தியின் பக்கத்தில் ஒன்றரை வருஷம் படுத்திருக்கிறேன்.

அக்கா

6 ஜூலை 1997

அக்காவுக்கு,

அந்தத் துளை காற்றுப் போக்கி. கூம்பு உள்ளே போனால் காற்று வெளியே தள்ளும், வெளியே வந்தால் உள்ளே இழுக்கும். துளையின் உள்வாயில் ஏதாவது தடையிருந்தால் சீறும். நாங்கள் செய்தபோது அங்கே எந்தத் தடையும் வைக்கவில்லை. உள்ளே சுவர் ஓரமாகக் கம்பளிப் பஞ்சு மட்டும் அடைத்தோம், பெட்டி எதிரொலிக்காமல் இருக்க. அது நழுவி விழுந்திருக்கலாம். பயப்பட ஒன்றுமில்லை.

இரண்டு காரியம் செய். கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணு. பிறகு, அப்பா வெளியே போகிற நேரத்தில் பின்பலகையைத் திற. பன்னிரண்டு திருகு. பஞ்சு எங்கே கிடக்கிறது என்று பார்த்து எழுது.

தம்பி

15 ஜூலை 1997

தம்பிக்கு,

முப்பத்துமூன்று.

இரண்டாவது தடவையும் எண்ணினேன். முப்பத்துமூன்று. உனக்கு ஞாபகம் இருக்கும். அம்மாவின் கடைசி மாதம் டாக்டர் சொல்லி, அவள் மூச்சை எண்ணி ஒரு நோட்டில் முறை வைத்து எழுதினோமே, அந்த நோட்டை எடுத்துப் பார்த்தேன். முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று, முப்பத்துமூன்று. பாதிக்கு மேல் உன் கையெழுத்து.

நேற்று அப்பா முடிவெட்டப் போனார். பின்பலகையைத் திறந்தேன். பஞ்சு இல்லை. ஒரு துணுக்குகூட இல்லை. அம்மாவின் துணிகள் இருந்தன. வலது பெட்டியில் வீட்டில் போடுகிற உடுப்பு நாலு, தலையணை உறை, கம்பளிக் காலுறை. இடது பெட்டியில் அந்தப் பழுப்புச் சால்வை, மடித்து, ஓரம் மட்டும் துளைக்குள் எட்டிப் பார்க்கும்படி சிறு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. தைலம் பட்டுப் பட்டு விறைத்துப்போன ஓரம். எல்லாவற்றையும் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துவிட்டேன் என்று அப்பா சொன்னது பொய். தைல வாசனை இன்னும் அப்படியே இருக்கிறது.

எனக்கு என்ன தோன்றியதோ, சால்வையை மட்டும் எடுத்துக்கொண்டு பலகையை மூடிவிட்டேன். என் அலமாரியில் வைத்திருக்கிறேன். இன்று கடைக்கு லீவு போட்டேன். பதினொரு மணிக்கு அப்பா தட்டை வைத்தார். செல்லோ சுத்தமாகக் கேட்டது, வேறு எதுவும் இல்லை. உன் பாஷையில் சொன்னால் சத்தம் முன்னைவிடத் துல்லியம். அப்பா முள்ளை எடுத்து மறுபடி வைத்தார். மறுபடி. ஏழெட்டுத் தடவை. பிறகு என்னைப் பார்த்து, "எங்க அவ?" என்றார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். வழி தவறியவர் கேட்கிற மாதிரி கேட்டார்.

மத்தியானம் சால்வையை எடுத்துப் போய் அதே ஆணியில் மாட்டினேன். அப்பா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். வரவில்லை. எப்படி மாட்டினாலும் மூச்சு வரவில்லை. 'புஸ்' என்று ஒரு வெறும் காற்று, அவ்வளவுதான். சோற்றை அப்படியே வைத்துவிட்டார்.

என்ன செய்துவிட்டேன் தம்பி? போனிலாவது பேசேன். இன்னும் என்ன வீம்பு உனக்கு?

அக்கா

22 ஜூலை 1997

அக்காவுக்கு,

உன் கடிதத்தைத் தொழிற்சாலையில் நின்றுகொண்டே படித்தேன். அப்புறம் வேலை ஓடவில்லை.

முப்பத்துமூன்றுக்குக் காரணம் இருக்கிறது. இசைத்தட்டு நிமிடத்துக்கு முப்பத்துமூன்று தடவை சுற்றும். தட்டு நெளிந்திருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் முள் ஒரு மேடு ஏறி இறங்கும். அது காதுக்குக் கேட்காது, ஆனால் கூம்பு அதே கணக்கில் உள்ளே வெளியே போய்வரும். துளையில் காற்றும் போய்வரும். நுரை உதிர்ந்தபோது கூம்பு சரியாக அசையவில்லை, மூச்சு நின்றது. நான் அனுப்பிய ரப்பர் அதைத் திருப்பிக் கொடுத்தது. அவ்வளவுதான் விஷயம். இத்தனையும் எழுதிய பிறகும் உன் கடிதத்தை எடுத்து அந்த எண்ணை மறுபடி பார்த்தேன். இந்த ரகத்தில் எந்தத் தட்டும் அதே வேகத்தில்தான் சுற்றும், எந்த நோயாளியும் எப்படியும் மூச்சு விடலாம். அம்மா அந்தக் கணக்கில் விட்டாள்.

இப்போது மற்றது. இதை எழுதித்தான் ஆக வேண்டும்.

எனக்குக் காது கேட்பதில்லை அக்கா. வலது காது முழுக்கப் போய்விட்டது. இடதில் பாதிக்கும் குறைவு. வானொலி நிலையத்தில் ஒலிப்பதிவு வேலை பார்த்தேனே, அப்போதே தொடங்கிவிட்டது. சொன்னால் வேலை போகும் என்று மறைத்தேன். அம்மா கூப்பிட்ட அன்று நான் முன்னறையில் சத்தத்தை ஏற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று எல்லோரும் சொன்னீர்கள். உண்மை. மற்றவர்களுக்குச் சாதாரணமாகக் கேட்பது எனக்குக் கேட்க அவ்வளவு ஏற்ற வேண்டியிருந்தது.

"அவ கூப்பிட்டது தெருவுக்கே கேட்டிருக்கு, உனக்கு மட்டும் கேக்கலையா? பாட்டுதான் பெருசாப் போச்சா?" என்று அப்பா கேட்டபோது, "எனக்குக் காது போயிடுச்சுப்பா" என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மாவை அப்போதுதான் கீழே இறக்கிப் படுக்க வைத்திருந்தார்கள். அந்த நேரத்தில் அது ஒரு சாக்குப்போல இருந்தது. பேசாமல் நின்றேன். பிறகு பேச வழியில்லாமல் போய்விட்டது.

இங்கே கம்பிச் சுருள் சுற்றும் வேலை. கைக்கும் கண்ணுக்கும்தான் வேலை, காது தேவையில்லை. போன் மணியை மேஜை அதிர்வதை வைத்துத் தெரிந்துகொள்வேன். அன்று அந்தப் பக்கம் யார் என்று எனக்குத் தெரியவே தெரியாது. நீ என்று உன் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. உன்னிடம் ஒவ்வொன்றாக எழுதச் சொன்னதும் அதற்குத்தான். அந்தப் பெட்டிகள் எப்படிக் கேட்கின்றன என்று உன் எழுத்தில்தான் கேட்டேன்.

அப்பாவிடம் சொல்லாதே.

தம்பி

28 ஜூலை 1997

தம்பிக்கு,

அன்று சாயங்காலம் வந்தவளிடம் அப்பா என்ன சொன்னாரோ அதை நம்பினேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்கு இந்தக் கடிதத்தில் மன்னிப்புக் கேட்டால் மலிவாகப் போய்விடும். நேரில் கேட்கிறேன்.

அப்பா இரண்டு வாரமாகக் கஞ்சியில் ஓடுகிறார். பதினொரு மணிக்கு நாற்காலியில் உட்காருகிறார், தட்டை வைப்பதில்லை. கடையில் என்னை மூன்று வாரப் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள். இரண்டு தடவை தள்ளிப்போட்டாயிற்று, இந்தத் தடவை போகாவிட்டால் வேறு வேலையைப் பார்த்துக்கொள் என்றுவிட்டார்கள். நாலாம் தேதி கிளம்ப வேண்டும்.

நீ வா. பெட்டியைச் சரி செய்ய வந்தேன் என்று சொல். அவருக்கு அது போதும். சாவி எதிர்வீட்டு டீச்சரிடம். பயிற்சி விடுதி முகவரி பின்பக்கம் இருக்கிறது.

நீ கேட்டபடி, அவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

அக்கா

17 ஆகஸ்ட் 1997

அக்காவுக்கு,

வந்து பதிமூன்று நாள் ஆகிறது. இரண்டு கடிதம் எழுதிக் கிழித்தேன்.

அப்பா கதவைத் திறந்தார். இளைத்துப் பாதியாகியிருக்கிறார். நான் பையைத் தூக்கிக் காட்டி, "ஸ்பீக்கர் பாக்க வந்தேன்" என்றேன். வழி விட்டார். முதல் வாரம் இரண்டு பேரும் ஒரே வீட்டில் இரண்டு வாடகைக்காரர்கள் மாதிரி இருந்தோம். அவர் பேசியிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது, அது வேறு.

பின்பலகையைத் திறந்து வைத்துக்கொண்டு சால்வையை ஒவ்வொரு விதமாக மாட்டிப் பார்த்தேன். உன்மேல் தப்பில்லை. அப்பா அந்த ஓரத்தைத் துளையின் வாயில் ஒரு நூல் இடைவெளியில் நிறுத்தியிருக்கிறார். நீ எடுத்தபோது மடிப்பு கலைந்துவிட்டது. எனக்கோ கேட்காது. அதனால் தட்டை ஓடவிட்டு, முன்பக்கம் துளைக்கு எதிரே உள்ளங்கையை வைத்துக்கொண்டு, மறுகையைப் பின்னால் விட்டு மடிப்பை நகர்த்தினேன். காற்று கையில் படும். தடை சரியான இடத்துக்கு வந்தால் சீறல் தோலில் துடிப்பாகத் தெரியும். நாலு நாள் ஆயிற்று.

வியாழக்கிழமை பதினொரு மணி வாக்கில் கிடைத்தது. உள்ளங்கையில் வந்து வந்து போயிற்று. கரகரப்புகூட. அம்மா இருமல் அடங்கிய பிறகு கன்னத்தை என் கையில் வைத்துக்கொள்வாளே, அதே சூடு இருந்தது என்று எழுதினால் நீ சிரிப்பாய். காற்றுக்கு ஏது சூடு? ஆனால் இருந்தது.

எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. திடீரென்று தரை அதிர்ந்தது. திரும்பினேன். அப்பா ஒரு மரக்கட்டையை எனக்குப் பின்னால் போட்டிருந்தார். அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது என்று முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. சுற்றிக்கொண்டு எனக்கு எதிரே வந்து குந்தினார்.

"கூப்பிட்டேன்" என்றார். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டேன்.

"கேக்கலப்பா."

"அஞ்சாறு தடவ கூப்பிட்டேன்."

"கேக்கலப்பா. ஒரு காது சுத்தமாப் போயிடுச்சு. இன்னொண்ணுல பாதி."

"எப்பலேருந்து?"

"அம்மா போறதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே."

தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. அவரே எழுந்துபோய் முள்ளைத் தூக்கினார். திரும்பி வந்து, என் முகத்துக்கு நேராகக் குனிந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"எனக்குக் கேட்டுச்சுடா."

"என்னது?"

"அவ கூப்பிட்டது. ரெண்டு தடவ. பட்டறையில ரம்பம் ஓடிட்டிருந்துச்சு, கேக்கலன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். ரம்பம் ஓடல."

நான் அவர் உதட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஒரு கதவுச் சட்டத்துக்குப் பசை தடவியிருந்தேன். உடனே இறுக்கலன்னா வீணாயிடும். நீ உள்ளதான இருக்க, நீ போயிருப்பேன்னு நெனச்சேன். இறுக்கிட்டு, கையைத் தொடச்சிட்டு வந்தேன். பத்து நிமிஷம் இருக்கும்." கொஞ்ச நேரம் தன் கையைப் பார்த்தார். "சட்டம் நல்லாத்தான் வந்துச்சு. இப்ப யாரோ வீட்டு வாசல்ல இருக்கு."

"அப்ப இது?" என்று பெட்டியைக் காட்டினேன். என் குரல் எவ்வளவு உயர்ந்தது என்று எனக்கே தெரியாது. ஜன்னலில் எதிர்வீட்டு டீச்சர் தலை தெரிந்தது.

"எனக்குப் புத்தி கெட்டுப்போச்சுன்னு நெனைக்காத. தட்டை வெயில்ல வெச்சு நெளிச்சதே நான்தான். சால்வையை மாட்டினதும் நான்தான். அது காத்துன்னு தெரியும். அவ கூப்பிட்டது பதினோரு மணிக்கு. தெனமும் அந்த நேரத்துக்கு வந்து உக்காருறேன். வேற என்ன செய்யறதுன்னு தெரியலடா."

நான் எழுந்து வெளியே போய்விட்டேன். பேருந்து நிலையம் வரை நடந்தேன். பை வீட்டில் இருந்தது, இல்லாவிட்டால் ஏறியிருப்பேன். நாலு வருஷம் அக்கா. அவள் கூப்பிட்டபோது அவள் மகன் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான் என்று இந்தத் தெரு முழுக்க நினைக்கிறது, நானும் அப்படியே நினைத்துக்கொண்டு படுத்து எழுந்தேன். பேச்சுத் துணையில்லாத என் தொழிற்சாலை ஊர் அறையில் அம்மா கூப்பிடுவது மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்கும், நான் ஒரு தடவையும் கேட்டிராத அந்தக் குரல்.

திரும்பி வந்தபோது அப்பா இரண்டு தட்டு வைத்து, சோற்றை ஆறவிட்டு, சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். நானும் உட்கார்ந்தேன். கேட்டவர் வரவில்லை, கேட்காதவனைத் துரத்தினார். இதைச் சொல்லித் திட்ட வேண்டும் என்று வாசல் வரை மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன். சோற்றைப் பிசைகிற அந்தக் கையைப் பார்த்ததும் வரவில்லை. மன்னித்துவிட்டேனா என்று கேட்காதே. தெரியாது.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு அவர் தட்டை வைக்கவில்லை. நாற்காலியைத் திருப்பி என் பக்கம் போட்டுக்கொண்டு, "உனக்கு எப்படி ஆச்சு, மொதல்லேருந்து சொல்லு" என்றார். மத்தியானம் வரை சொன்னேன். பெட்டியில் எல்லாம் இருந்தபடி இருக்கிறது. என்ன செய்யலாம் என்று கேட்டேன். "அவளும் வரட்டும்" என்றார். உன்னைத்தான்.

தம்பி

21 ஆகஸ்ட் 1997

தம்பிக்கு,

கடிதத்தை விடுதி மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். வகுப்புக்குப் போகவில்லை.

எனக்குக் கோபம் அடங்கவில்லை. உனக்கு வராத வார்த்தைகள் எனக்கு வரும், வந்து சொல்லத்தான் போகிறேன். நாலு வருஷம் அந்த மனிதருக்குச் சோறு வடித்துப் போட்டுக்கொண்டு, உன்மேல் வருத்தப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன். ஒருநாள், ஒரே ஒருநாள், "அவன்மேல தப்பில்லம்மா" என்று சொல்லியிருக்கலாம். இதை அவருக்குப் படித்துக் காட்டு. படிக்காமல் மறைக்காதே, இந்த வீட்டில் மறைத்தது போதும்.

படித்துக் காட்டிய பிறகு, மத்தியான மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் கொடு. பின்னால் கொடுத்தால் அவருக்கு வயிறு கேட்காது.

இங்கே எங்களுக்குப் பாடம் எடுக்கிறவரிடம் உன்னைப் பற்றிக் கேட்டேன். இடது காதுக்குக் கருவி வைத்தால் பலன் இருக்கலாம், பரிசோதிக்காமல் சொல்ல முடியாது என்றார். காது டாக்டரிடம் திங்கட்கிழமை காலைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். வர மாட்டேன் என்று சொல்லாதே. காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவேன், எது கேட்கிற காது என்று பார்த்து.

சனிக்கிழமை மத்தியான வண்டியில் வருகிறேன். நிலையத்தில் கூட்டமாக இருக்கும், எந்தப் பக்கமாவது பார்த்துக்கொண்டு நில், பரவாயில்லை. பின்னாலிருந்து கூப்பிட மாட்டேன். எதிரே வந்து நிற்கிறேன்.

அக்கா